யாரு வூட்டுப் புள்ள நீ?

தொழுதூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்ததும் பெரம்பலூர் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. தை மாதம். திருமாந்துறைச் சுங்கச்சாவடிக்குப் பிறகு அணுகுசாலை நெடுகிலும் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. சாலையில் பாதியை மணிகளுக்குக் கொடுத்துவிட்டு, வண்டி ஏறிவிடாதபடி ஓரத்தில் கற்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு பாட்டி வெறுங்காலால் மணிகளைத் துழாவிக்கொண்டே நடந்தாள். அவள் போன வழியெல்லாம் மஞ்சளில் கோடு விழுந்தது. திரும்பி வரும்போது அதே கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் இது முன்வரிசை. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே பெரம்பலூரைக் கடந்து போகிறவர்களுக்குக் கணக்கே கிடையாது. இறங்குகிறவர்கள்தான் குறைவு. நானும் என் துணைவனும் நான்கு ரோட்டில் இறங்கினோம். வாடகைக்கு வீடு பார்க்க வந்திருந்தோம்.

நாங்கள் இருவரும் ஆண்கள். சென்னையில் கீழ்க்கட்டளைப் பக்கம் பல வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறோம். எனக்கு மெடிக்கல் கோடிங் வேலை. கம்ப்யூட்டரும் ஒழுங்கான இணைய இணைப்பும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். அவன் பிசியோதெரபிஸ்ட், ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில்தான் அவனுக்குப் பிழைப்பு. சென்னை வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. அதைவிடப் பெரிய காரணம் என் அம்மா. வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனியாக இருக்கிறாள். மூட்டு தேய்ந்துவிட்டது. சின்ன வெங்காயம் போட்டிருக்கும் அரை ஏக்கரை விட்டுவிட்டுச் சென்னைக்கு வர மாட்டாள். அவளுக்கு ஒன்று என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர் வேண்டும். எங்கள் இருவர் சம்பளத்தில் கட்டுப்படியாகிற வாடகை வேண்டும். நாங்கள் அங்கே தினமும் பொய் சொல்லாமல் வாழ முடிய வேண்டும். இந்த மூன்றும் ஒரே ஊரில் கிடைக்குமா என்று தேடித்தான் இந்தப் பயணம்.

எங்களைப் போன்றவர்களுக்கு உகந்த நகரங்கள் என்று மேல்நாடுகளில் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறும் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியின் கதை எனக்குப் பிடிக்கும். 1960களிலும் 70களிலும் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தபோது, பழைய பெரிய வீடுகள் மலிவாகக் கிடைத்தன. மலிவாகக் கிடைத்ததால்தான் வீட்டை விட்டு வந்த இளைஞர்கள் அங்கே குடியேற முடிந்தது. அங்கே கேமரா கடை வைத்திருந்த ஹார்வி மில்க் 1977 இல் அந்த நகரத்தின் மேற்பார்வையாளர் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று அதே பகுதியில் சாமானியர் யாரும் வாடகை கட்ட முடியாது. மலிவும் வரவேற்பும் ஒரே தெருவில் கூடியிருந்தது சில காலம்தான். அந்தச் சில காலத்தில் வந்து சேர்ந்தவர்கள்தான் அந்த ஊரை உண்டாக்கினார்கள்.

நம் பக்கத்தில் இதற்குச் சமமானது சென்னையும் பெங்களூரும். சென்னையில் 1998 இல் சகோதரன் அமைப்பு தொடங்கியது. 2009 முதல் ஜூன் மாதத்தில் வானவில் பேரணி நடக்கிறது. ஓரினம் போன்ற குழுக்களின் கூட்டத்துக்குப் போனால் மனம் விட்டுப் பேச ஆள் கிடைக்கும். நான் என்னைப் பற்றி முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அப்படி ஒரு கூட்டத்தில்தான். அந்த நகரத்துக்கு நான் கடன்பட்டவன். ஆனால் அங்கே வாடகையோடு சேர்த்து இன்னொரு தொகையும் கட்டிக்கொண்டிருந்தோம் என்பது பெரம்பலூரில் வீடு பார்க்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கான தொகை அது.

பெரம்பலூர் 1995 இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ரயில் கிடையாது. நெடுஞ்சாலைதான் ஊருக்கு உயிர். பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம், பாலக்கரை, துறைமங்கலம் என்று ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஊரைச் சுற்றிவிடலாம். தனியார் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் வந்த பிறகு வெளியூர்ப் பிள்ளைகள் நிறைய. அதனால் மாடி போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவது இங்கே ஒரு தொழிலாகவே ஆகியிருக்கிறது. இரண்டு படுக்கையறை, சிமென்ட் ஓடு போட்ட மொட்டைமாடி, போர் தண்ணீர், பைக் நிறுத்த இடம். ஏழாயிரத்துக்குள் முடிந்துவிடும். சென்னையில் அந்தப் பணத்துக்கு ஒரு அறையில் கட்டில்தான் கிடைக்கும். என் துணைவன் விசாரித்த ஆஸ்பத்திரியில் வேலைக்கும் வாய்ப்பு இருந்தது. அம்மாவின் ஊர் அரை மணி நேரம். கணக்கு எல்லாப் பக்கத்திலும் பொருந்தியது.

துறைமங்கலத்தில் பார்த்த வீடு எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது. கிழக்குப் பார்த்த மாடி. ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். வெயிலில் வந்திருக்கிறோம் என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேரும் ஆம்பளைப் பிள்ளைகள் என்பது அவருக்கு ஒரு குறையாகப் படவில்லை. கல்யாணம் ஆகாத டாக்டர்களுக்கு ஏற்கெனவே விட்டிருக்கிறார்.

“எந்த ஊரு தம்பி?”

“வேப்பந்தட்டை பக்கம்ங்க.”

“பக்கம்னா?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“அட, எங்க நாத்தனாரக் குடுத்த ஊராச்சே! அங்க யாரு வூட்டுப் புள்ள நீ?”

அப்பா பெயரைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் தெரு, தென்னை மரம் இருக்கிற வீடு, அப்பா இறந்தபோது இவர் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு நினைவு வந்தது. பிறகு என் துணைவன் பக்கம் திரும்பினார். அவன் தரங்கம்பாடிக்காரன். அங்கே அவருக்குச் சொந்தம் இல்லை. அதனால் நேராகவே கேட்டார்: “நீங்க என்ன ஆளுங்க?” அவன் பொதுவாக ஏதோ சொன்னான். “ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க, தெருவுல கேப்பாங்க” என்றார். உண்மையில் அவர் கெட்டவர் இல்லை. படி இறங்கும்போது, “ரெண்டு பேரும் சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஆளுக்கொரு வூடா பாருங்க, கீழ்ப் போர்ஷனும் காலியாவப் போவுது” என்று அக்கறையாகச் சொன்னார்.

வெளியே வந்து நிழலில் நின்றோம். “வூடு நல்லாத்தான்டா இருக்கு” என்றான் அவன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் பதினைந்து நாளில் அந்த நாத்தனாருக்குச் செய்தி போய்விடும். ஒரு மாதத்தில் என் அம்மாவின் தெருவில் பேச்சு வரும். இரண்டு அறை இருக்கிற வீட்டில் கட்டில் ஏன் ஒன்றுதான் என்று பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா கவனிப்பார். நாங்கள் இருவரும் வேறு வேறு சாதி. சாதி மாறிக் காதலித்தவர்களைத் தேடிப் போய் இழுத்து வருகிற வழக்கம் இன்னும் சாகாத மண் இது. அப்படிப்பட்ட இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதை மாநிலங்கள் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் சொல்லவேண்டி வந்தது. அதே விசாரிப்பு, அதே உறவு வலை, அதே தெரு எங்களையும் கண்டுபிடிக்கும். சாதியைக் கேட்கிற கேள்வியும் எங்களை வெளிப்படுத்துகிற கேள்வியும் ஒன்றுதான் என்பதை அந்த மாடிப்படியில் புரிந்துகொண்டேன். சாதி கேட்காமல் வீடு கொடுக்கும் தெருவில்தான் எங்களுக்கும் இடம் இருக்கும்.

சட்டம் பெரம்பலூருக்கு வேறு, சென்னைக்கு வேறு இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கையை உச்ச நீதிமன்றம் கட்டிப்போட்டபோது அது வேப்பந்தட்டைக்கும் சேர்த்துத்தான். ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: தமிழ்நாட்டில் எங்களுக்குக் காவலாக நிற்கிற தீர்ப்புகள் பெரும்பாலும் பெருநகரத்து மனிதர்களால் வந்தவை அல்ல. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையும் அவர் கணவரும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, பதிவு செய்ய மறுக்கப்பட்டதால்தான் 2019 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தீர்ப்பு வந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும் அடக்கம் என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம் பெண்களுக்காக 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் இடைக்கால உத்தரவு போட்டார். அதற்கு முன் தானே ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து, தெரியாததைக் கற்றுக்கொண்டார். பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்து, கண்டுபிடிக்கப்பட்டவர்கள் வயது வந்தவர்களாகவும் விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களாகவும் இருந்தால், காவல்துறை வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது என்பது அந்த உத்தரவில் முதல் அறிவுறுத்தல். மறு ஆண்டு தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளிலும் இதற்கென ஒரு விதியைச் சேர்த்தது. 2025 மே மாதம் வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவரைப் பெற்றோர் அடைத்து வைத்த வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது.

தாளில் இவ்வளவு இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குச் சித்தப்பா நான்கு பேரோடு கதவைத் தட்டினால், அந்தத் தீர்ப்பைப் பற்றித் தெரிந்த ஒரு வக்கீல், ஒரு நண்பர், கூப்பிட்டால் வந்து நிற்க ஒரு ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. சென்னையில் எங்களுக்கு அந்த ஆட்கள் உண்டு. பெரம்பலூரில் ஒருவரையும் தெரியாது. அங்கே எங்களைப் போன்றவர்கள் இல்லாமல் இல்லை. இருக்கிறார்கள். எல்லோரும் ஒளிந்திருக்கிறார்கள். ஒளிந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கதவு திறக்க முடியாது.

அன்று இரவு அம்மா வீட்டில் தங்கினோம். அறுவடைக்குப் பிறகு விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டிருந்தாள். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கல் வைத்து, மேலே குச்சி பரப்பி, சுற்றிலும் காற்று போகும்படி தட்டி கட்டி, உள்ளே வெங்காயத்தைத் தாளோடு அடுக்கி, மேலே கூரை. ஈரம் தங்கினால் அழுகிவிடும், காற்று நின்றாலும் அழுகிவிடும். அழுகின வெங்காயத்தின் வாடை எங்கிருந்து வருகிறது என்று என் துணைவன் குனிந்து முகர்ந்து கண்டுபிடித்து நான்கைந்தைப் பொறுக்கி வெளியே போட்டான். “தம்பிக்கு மூக்கு நல்லா இருக்கு” என்றாள் அம்மா. அவனைத் ‘தம்பி’ என்பாள். அவன் வந்தால் ரசத்துக்குக் கூடுதலாக ஒரு பல் பூண்டு தட்டுவாள். எனக்குப் பெண் பார்க்கிற பேச்சை எடுத்து சில வருடங்கள் ஆகின்றன. அவளுக்குத் தெரியுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரு அதை அவளிடம் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் பயம். தெரு சொல்லும்போது அது வேறு மாதிரி வந்து சேரும். அவள் தானாகச் சம்பாதித்து வைத்திருக்கிற அந்த அமைதியைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் அரியலூர். 2001 இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, மறு ஆண்டே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 இல் மறுபடியும் தனி மாவட்டமான ஊர். பேரளி வழியாகப் போகிற சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் பேருந்து நகர்ந்தது. சாலையோர இலைகள் சாம்பல் பூசியிருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்த இடம் இது. அந்தக் கடலின் சிப்பியும் சங்கும்தான் இன்று சிமென்ட் மூட்டைகளாகப் போகின்றன. வாரணவாசியில் இதற்கென்று புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. சிமென்ட் ஆலைகளால் வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிறைய. பெரம்பலூரில் இல்லாத ரயிலும் இங்கே உண்டு. வைகையும் பல்லவனும் நின்று போகின்றன. 1956 இல் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகக் காரணமான விபத்து இந்த ஊர்ப் பக்கத்து மருதையாற்றில்தான் நடந்தது. வாடகை பெரம்பலூரை ஒட்டித்தான் இருந்தது. ஊருக்குள் பார்த்த வீட்டில் கேள்வியும் அப்படியேதான் இருந்தது.

அரியலூர் வரை வந்துவிட்டுக் கங்கைகொண்டசோழபுரம் போகாமல் திரும்பினால் தாங்காது என்றான் அவன். போனோம். கோயிலின் தென்புறச் சுவர் மாடத்தில் அர்த்தநாரீசுவரர். ஒரு பாதியில் மார்பு, ஒரு பாதி தட்டை. இடுப்பும் இரண்டு விதம். ராஜேந்திர சோழனின் சிற்பி இரண்டையும் ஒரே மூச்சில் வடித்திருக்கிறான். ‘நம்ம மரபுலயே இதெல்லாம் இருக்கு’ என்று சொல்லி நண்பர்கள் எனக்கு இந்தப் படத்தை அனுப்பாத வருடம் இல்லை. அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆயிரம் வருடமாக இந்தச் சிலையைக் கும்பிடுகிறவர்கள்தான் திருநங்கைக்கு வீடு இல்லை என்று கதவைச் சாத்தினார்கள்.

சென்னை நண்பர் ஒருவர் தந்த அறிமுகத்தால் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு திருநங்கை அக்காவைப் பார்க்க முடிந்தது. இட்லிக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் போனபோது கடையை மூடிக்கொண்டிருந்தார். “ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பொறப்பட்டுட்டேன், வாங்க, போய்க்கிட்டே பேசலாம்” என்று எங்களையும் கூட்டிக்கொண்டார். திருமானூர் போகிற நகரப் பேருந்து. நடத்துநர் அக்காவுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கொடுத்தார், எங்களுக்குக் காசு வாங்கினார். 2021 இல் பெண்களுக்கு வந்த இலவசப் பயணத்தை அடுத்த மாதமே திருநங்கைகளுக்கும் விரிவாக்கினார்கள். “இந்தச் சீட்டுதான் தம்பி பெருசு. மின்னல்லாம் காசு குடுத்தாக்கூட பக்கத்துல ஒக்கார மாட்டாங்க. இப்ப கண்டக்டரே இன்னாருன்னு ஒத்துக்கிட்டுச் சீட்டு கிழிக்கிறாருல்ல, அதப் பாக்குறவங்களுக்கும் பழகிடுச்சு” என்றார்.

அக்கா பதினைந்து வயதில் வீட்டை விட்டுத் திருச்சிக்கு ஓடியவர். அங்கே ஒரு அம்மா மடி கட்டி மகளாக எடுத்துக்கொண்டார். பிறகு பம்பாய். கடைகடையாகக் காசு கேட்டுத்தான் பிழைப்பு. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் அரவாணிகள் நல வாரியம் அமைந்தது. இந்தியாவில் அப்படி ஒரு வாரியம் அதுதான் முதல். குடும்ப அட்டை, அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாக வந்தபோது அக்காவும் ஊர்ப் பக்கம் திரும்பினார். சொந்த ஊருக்கு இல்லை, அதற்கு இரண்டு ஊர் தள்ளி. முதலில் ஒரு லைன் வீடு. மற்றவர்களுக்கு ஆயிரம் என்றால் இவருக்கு இரண்டாயிரம். குழாயில் எல்லோரும் பிடித்த பிறகுதான் இவர் குடம். “ரெண்டாயிரம் குடுத்தேன். ஒரு மாசம் கூட நாள் தவறல. வூட்டுக்காரரு பொண்ணு கல்யாணத்துக்கு விடிய விடிய காய் நறுக்கினேன். அதுக்கப்புறம் என்னய யாரும் காலி பண்ணச் சொல்லல.” அரசு தரும் 50,000 ரூபாய் மானியத்தில் கிரைண்டரும் இட்லிப் பானையும் வாங்கிக் கடை போட்டார். இப்போது இருக்கிற வீடு பட்டா கிடைத்த இடத்தில் கட்டியது. பக்கத்திலேயே அவருடைய மகள்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், ஒற்றை வாடகையில்.

ஏலாக்குறிச்சிக்குக் கொள்ளிடம் பக்கம். கோயிலின் பெயரே அடைக்கல மாதா. மதத்தின் பேரால் துரத்தப்பட்ட கிறித்தவர்கள் அக்கம்பக்கத்துச் சீமைகளிலிருந்து தப்பி வந்து ஒண்டிய ஊர் இது. அரியலூர்ப் பாளையக்காரரான மழவராயர் ஆதரவு கொடுத்தார் என்றும், நிலம் எழுதிவைத்தார் என்றும் ஊரில் சொல்கிறார்கள். இத்தாலியில் பிறந்து தமிழ் படித்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இங்கே பல காலம் தங்கியிருந்தார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பேர் வைத்து அதன்மேல் ஒரு கலம்பகமும் பாடினார். அக்கா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து எங்களோடு மண்டபத் திண்ணையில் உட்கார்ந்தார். அவர் கிறித்தவர் இல்லை. சித்திரையில் கூவாகம் போய்க் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்துவிட்டு வருகிறவர். “ஆத்தா எல்லாரையும் சேத்துக்கிட்டவ, அதனால வருவேன்” என்றார்.

அங்கே உட்கார்ந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நாங்க எங்க போனாலும் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும். அதனால எங்களுக்கு வூடு கெடைக்காது. ஒங்களப் பாத்தா தெரியாது, அதனால கெடைக்கும். ஆனா எங்கள்ல ஒருத்தி மொதல்ல வந்து ஒக்காந்துட்டா, அவ பின்னாடி நாலு பேரு வரலாம். ஒருத்திக்கு ஒண்ணுன்னா ஜமாத்து பூரா வந்து நிப்போம். ஒங்களுக்கு யாரு தம்பி இருக்கா?”

என் துணைவன் என்னைப் பார்த்தான். எனக்குப் பதில் வரவில்லை. மடி கட்டி மகளாக எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. குருவும் இல்லை, பாட்டி முறையான நானியும் இல்லை. ஒவ்வொருவனும் தனியாக ஓடிப்போய்த் தனியாக வாடகை கட்டித் தனியாகப் பயப்படுகிறோம். ஏலாக்குறிச்சிக்கு அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு இடம் கிடைத்தது ஊருக்கு நல்ல மனசு இருந்ததால் மட்டும் இல்லை. ஒருவர் நிலம் கொடுத்தார், முதலில் வந்த சிலர் பயந்து போகாமல் நிலைத்தார்கள், வந்தவர்களுக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்ற விலாசம் கிடைத்தது. நாங்கள் அதுவரை உகந்த ஊர் எது என்று மட்டுமே தேடிக்கொண்டிருந்தோம். அந்த ஊரில் முதலில் போய் உட்காருகிறவர்கள் யார் என்று யோசிக்கவே இல்லை.

அக்காவிடம் பெரம்பலூர் வீட்டைப் பற்றிச் சொன்னேன். “அது வேணாம்” என்றார் யோசிக்காமல். “நான்கூட என் ஊருல போய் ஒக்காரல பாத்தியா? சொந்தக்காரங்க கண்ணுல படாத தூரம் வேணும், அம்மாவுக்கு ஒண்ணுன்னா ஓடிவர்ற தூரமும் வேணும். திருச்சிக்குப் போங்க.” பெரம்பலூரிலிருந்து திருச்சி ஒரு மணி நேரம் சொச்சம். அங்கே அவருடைய அம்மா, அதாவது மடி கட்டிய அம்மா, இன்னும் இருக்கிறார். சாதி கேட்காமல் வீடு விடுகிற ஒரு பெரியவரை அவருக்குத் தெரியும்.

திருச்சியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கல்லூரிகளுக்காகவும் ஆஸ்பத்திரிகளுக்காகவும் நாலு மாவட்டத்து ஜனம் வந்து தங்குகிற ஊர் என்பதால், இரண்டு ஆண்கள் ஒரு வீட்டில் இருப்பது அங்கே செய்தி இல்லை. தன் வாழ்க்கையை ‘நான், வித்யா’ என்று எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா வளர்ந்த ஊர் அது. வாடகை பெரம்பலூரைப் போல ஒன்றரை மடங்கு, சென்னையில் பாதி. உறையூரில் அந்தப் பெரியவர் வீட்டு மாடியைப் பார்த்தோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எந்த ஊர் என்று கேட்டார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும், மோட்டாரை அணைக்க மறக்கக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. மூன்று மாத முன்பணத்துக்கு மேல் வாங்கமாட்டேன், சட்டமே அதைத்தான் சொல்கிறது என்றார். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் எழுதச் சொன்னோம், எழுதினார். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. சென்னையில் இத்தனை வருடமும் ஒப்பந்தம் என் ஒருவன் பெயரில்தான் இருந்தது. அவன் என்னுடைய விருந்தாளி மாதிரி.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எங்களுக்குத் திருமண உரிமையைத் தரவில்லை. அடுத்த ஆண்டு மத்திய அரசு சில சின்னக் கதவுகளைத் திறந்தது. இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஒருவரை ஒருவர் நியமனதாரராகப் போடலாம், குடும்ப அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதப்படலாம். கூட்டுக் கணக்கைத் திறந்துவிட்டோம். குடும்ப அட்டைக்குத் திருச்சி விலாசத்தில் விண்ணப்பிக்கப் போகிறோம். அங்கே கவுன்ட்டரில் என்ன கேட்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதே நாக்கு வறள்கிறது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். யாரோ ஒருவர் முதலில் கேட்டால்தான் அடுத்து வருகிறவனுக்கு அந்தக் கவுன்ட்டரில் விண்ணப்பம் பழகியதாக இருக்கும்.

பால் காய்ச்சுகிற தேதியை அக்காவுக்குப் போனில் சொன்னேன். மகள்களோடு வருவதாகச் சொன்னார். அம்மாவும் வருகிறாள், அதனால் கொஞ்சம் தயங்கினேன். “ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ சும்மா இரு” என்றார். பிறகு, “ஜெயங்கொண்டம் பக்கம், செந்துறை பக்கம்லாம் ஒங்கள மாதிரி பசங்க சில பேரு அப்பப்ப வந்து எங்கிட்ட அழுவானுங்க. எங்க போறதுன்னு கேப்பானுங்க. ஒங்க நம்பரக் குடுக்கட்டுமா?” என்று கேட்டார்.

அவனிடம் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அவன் பக்கத்திலேயே இருந்தான், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான். “குடுங்கக்கா” என்றான்.

அந்த வாரமே ஒரு பையன் கூப்பிட்டான். பெயர் சொல்லவில்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு சிமென்ட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறானாம். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, வீட்டுக்காரர் முதலில் என்ன கேட்பார் என்று மூச்சு விடாமல் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். காலை ஆறு மணிக்கு மோட்டார் போட வேண்டும் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் அண்ணே, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்றான்.